டிஜிட்டல் ஸ்டூடியோவுக்குக் கைவேலையில் ஓர் அடையாளம்

முழுக்க முழுக்கத் திரையிலேயே வேலை செய்கிற சின்ன டிசைன் ஸ்டூடியோக்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவற்றின் லோகோக்களை ஒரே பக்கத்தில் அடுக்கிப் பார்த்தால் எது யாருடையது என்று சொல்லத் திணறுவோம். அதே உருண்டையான எழுத்துரு, ஊதாவிலிருந்து நீலத்துக்கு வழிகிற அதே நிறம், மூலை மழுங்கிய அதே கட்டம். இவர்களுக்குத் திறமை குறைவு என்று நான் நினைக்கவில்லை. எல்லோரும் ஒரே மென்பொருளைத் திறந்து, ஒரே எழுத்துரு நூலகத்தில் தேடி, ஒரே மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். ஒரே வாசல் வழியாக நுழைந்தால் ஒரே கூடத்துக்குத்தானே போய்ச் சேர முடியும்?

வேறு வாசல் ஒன்று உண்டு. லோகோவை, நிறத்தை, வடிவங்களை முதலில் கையால், ஏதாவது ஒரு பொருளில் செய்துவிட்டு, அதன்பிறகு திரைக்குக் கொண்டுபோவது. இதைத்தான் கைவினை சார்ந்த பிராண்ட் அடையாளம் என்கிறோம். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை விளக்க முயல்கிறேன்.

முதலில், பிராண்ட் அடையாளம் என்றால் லோகோ மட்டும்தான் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். நிறம், எழுத்துரு, படங்களின் தன்மை, அசைவு, வெற்றிடம் விடுகிற முறை, வாடிக்கையாளருக்கு எழுதும் தமிழின் தொனி எல்லாம் சேர்ந்ததுதான் அடையாளம். சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு போஸ்டரிலோ வெப்சைட்டிலோ லோகோவைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் யாருடையது என்று தெரிந்தால் அங்கே அடையாளம் இருக்கிறது. தெரியாவிட்டால் லோகோ மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். கைவினைத் தோற்றம் வேண்டும் என்று கேட்டால் பலர் பழுப்புக் காகித டெக்ஸ்சர் ஒன்றையும், பிரஷ்ஷால் எழுதியது போன்ற எழுத்துரு ஒன்றையும் டவுன்லோடு செய்து ஒட்டிவிடுகிறார்கள். அதே டெக்ஸ்சரை அடுத்த தெருவில் இருப்பவரும் எடுப்பார். அதைவிடப் பெரிய குறை, எந்தக் கருவியாலும் உண்டாகாத கரடுமுரடு அது. ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரு கைத்தொழிலிடமிருந்து நாம் வாங்கவேண்டியது அதன் விதிகளை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். கருவியும் பொருளும் எதை அனுமதிக்கின்றன, எதை மறுக்கின்றன என்று பார்த்தால் அடையாளத்தின் சட்டதிட்டங்கள் பாதிக்குமேல் தானாகவே கிடைத்துவிடும்.

ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்வோம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில், செட்டிநாட்டு வீடுகளின் தரைக்கு இதை இன்றும் கையால்தான் வார்க்கிறார்கள். ஒரு கண்ணாடியைத் துடைத்துக் கீழே வைப்பார்கள். சுற்றி ஓர் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் தகடுகளை வளைத்துச் செய்த அச்சு ஒன்று இறங்கும். பூவும் இலையுமாக அதில் சின்னச் சின்ன அறைகள். நிற ஆக்சைடு கலந்த சிமெண்டுக் கூழைக் கரண்டியால் மொண்டு ஒவ்வோர் அறையிலும் ஊற்றுவார்கள். ஊற்றியதும் அச்சை மெல்ல மேலே தூக்கிவிடுவார்கள். தகடு இருந்த இடத்தில் இரண்டு பக்கத்து நிறங்களும் நகர்ந்து வந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் செய்து, இறுகியபின் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது. கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கியிருக்கும்.

ஒரு வெப் டிசைன் ஸ்டூடியோ இதைத் தன் அடையாளத்துக்கு எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூ டிசைனை அப்படியே காப்பியடிப்பது சுலபம், ஆனால் அது வெறும் அலங்காரம். வேலைமுறையைப் பாருங்கள். ஓர் அறைக்கு ஒரு நிறம்தான் ஊற்ற முடியும், ஆகவே இந்த அடையாளத்தில் ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் கிரேடியன்ட் இருக்கக்கூடாது. கூழ் இறங்குவதற்கு இடம் வேண்டும் என்பதால் மயிரிழைக் கோடுகளுக்கும் இடமில்லை. இரு நிறங்கள் சந்திக்கும் ஓரம் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல இருக்காது, சற்றே நெளியும். எல்லாம் ஒரு சதுரத்துக்குள் அடங்க வேண்டும். அந்தச் சதுரம் பக்கத்துச் சதுரத்தோடு பொருந்த வேண்டும். கடைசி விதியைக் கேட்டதும் வெப் டிசைன் செய்கிறவர்களுக்குப் பொறி தட்டியிருக்கும். கட்டத்தை அடுக்கிப் பக்கம் கட்டுவதுதானே அவர்களுடைய அன்றாட வேலை! ஒரு பூவைக்கூட வரையாமல் ஆத்தங்குடியின் தர்க்கம் முழுவதும் அந்த வெப்சைட்டில் வந்து உட்கார்ந்துவிடும்.

கருவி வடிவத்தை மாற்றுவது தமிழுக்குப் பழைய கதை. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். தட்டையான பிரஷ் பிடித்து போர்டு எழுதியவர்களின் எழுத்துகளில் ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் சன்னமுமாக வருவதும் பிரஷ் செய்த வேலைதான்.

திரைக்காகவே செய்த அடையாளத்தில் இந்த வழி எடுபடுமா என்ற சந்தேகம் வரலாம். இங்கிலாந்தில் 1991-இல் நடந்தது நல்ல பதில். பிபிசி டூ சேனலுக்குப் புது அடையாளம் செய்யும் வேலை மார்ட்டின் லாம்பி-நேர்ன் என்ற டிசைனரின் நிறுவனத்திடம் வந்தது. சேனலைப் பற்றி நேயர்களிடம் இருந்த எண்ணம் அது சலிப்பூட்டுவது, மேட்டிமைத்தனமானது என்பது. லாம்பி-நேர்ன் 1982-இல் சேனல் ஃபோர் தொடங்கியபோது, பறந்து வந்து ஒன்றுசேரும் வண்ணக் கட்டைகளால் ஆன 4-ஐ முழுக்கக் கம்ப்யூட்டர் அனிமேஷனில் செய்து பெயர் வாங்கியவர். அந்தக் காலத்தில் அது பெரிய புதுமை. அப்படிப்பட்டவர் இந்த முறை 2 என்ற எண்ணைக் கண்ணால் காணும் பொருளாகச் செய்து கேமராவில் படம்பிடிக்கிற வழிக்குப் போனார். வெள்ளை 2-இன்மேல் பச்சை பெயின்ட் வந்து மோதிச் சிதறும் காட்சி அந்தச் சிறு படங்களில் மிகவும் பெயர்பெற்றது. எண் ஒன்றேதான், ஒவ்வொரு படத்திலும் பொருள் மட்டும் மாறும். உருவம் மாறாமல் பொருளை மட்டும் மாற்றுவது என்ற அந்த ஒற்றை விதிதான் அடையாளமாக நின்றது. 2014-இல் சேனலின் ஐம்பதாம் ஆண்டுக்கு அதே படங்களை மறுபடி எடுத்து ஒளிபரப்பினார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸைப் பார்த்தால் காலம் உடனே தெரிந்துவிடும். பெயின்ட் சிதறுவதில் காலம் தெரிவதில்லை.

எந்தக் கைத்தொழிலைத் தேர்ந்தெடுப்பது? ஒன்றே ஒன்றை எடுங்கள். மண்பாண்டம், நெசவு, மரச்செதுக்கு மூன்றையும் கலந்தால் கண்காட்சிக் கடை மாதிரி ஆகிவிடும். உங்கள் ஸ்டூடியோ வேலை செய்யும் விதத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடுக்கடுக்காக யோசிக்கிறவர்களுக்கு ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றாக அடிக்கும் ஸ்கிரீன் பிரின்டிங் பொருந்தும். தேவையற்றதை வெட்டி எறிந்து எளிமைக்கு வருகிறவர்களுக்குச் செதுக்கு வேலை பொருந்தும். கூடவே, ஸ்டூடியோவில் இருக்கிற யாராவது ஒருவர் அதைத் தன் கையால் செய்யக் கற்றுக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். வருடத்துக்கு இருபது போஸ்டர் தேவைப்படும்போது ஒவ்வொன்றுக்கும் வெளியாளைத் தேடிப்போனால் மூன்றாவது போஸ்டரிலேயே கைவேலைபோலக் காட்டும் மென்பொருள் ஃபில்டர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

அந்த வகையில் புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது லைனோகட், அதாவது லைனோ தகட்டைச் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தில் அச்சடிக்கும் முறை. லைனோ என்பது ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் சணல் துணிமேல் பதித்த தகடு. 1860-களில் ஃபிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் தரைவிரிப்பாகக் கண்டுபிடித்தார்; பிறகு ஓவியர்கள் அதைச் செதுக்கத் தொடங்கினார்கள். மரத்தைப்போல இதில் நரம்பு ஓடாது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உளி போகும். ஒரு சின்னத் தகடு, இரண்டு மூன்று உளிகள், ஒரு ரப்பர் ரோலர், ஒரு டியூப் மை, ஒரு கண்ணாடித் துண்டு. இவ்வளவுதான் முதலீடு. தகடு கெட்டியாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், இளகிவிடும்.

வெட்டி எடுத்த இடம் வெள்ளையாக வரும், மிச்சம் நிற்கிற இடத்தில் மை ஏறும். எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பித்தான் செதுக்க வேண்டும். டிரேசிங் பேப்பரில் எழுதிக் கவிழ்த்துத் தேய்த்தால் திரும்பிய எழுத்து தகட்டில் விழுந்துவிடும். தமிழின் வளைவுகளுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. ழகரத்தின் கீழ்ச் சுழியைச் செதுக்கும்போது உளியைச் சுற்றாதீர்கள். உளி பிடித்த கை அசையாமல் நிற்கட்டும், மற்றக் கையால் தகட்டைத் திருப்புங்கள். அந்த மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். உளி வழுக்கினால் வெட்டுவது எதிரில் இருக்கும் கையைத்தான்.

ஸ்டூடியோ பெயரின் கடைசி எழுத்து 'ல்' என்று வைத்துக்கொள்வோம். அங்கேதான் சுவாரசியம் தொடங்குகிறது. எழுத்தின் உடல் ஒரே தொடர்ச்சியாக இருப்பதால் திடமாக நிற்கும். தலைக்குமேல் இருக்கிற புள்ளியோ சுற்றிலும் வெட்டிய பள்ளத்தின் நடுவே தனித்தீவு. வழக்கமான எழுத்துருவில் இருக்கிற அளவுக்கு அதை விட்டால் செதுக்கும்போதே பிய்ந்து வந்துவிடும், அல்லது நாலைந்து பிரதி எடுப்பதற்குள் உடையும். ஆகவே பெரிதாக்க வேண்டியிருக்கிறது. முழு வட்டமாகச் சின்ன அளவில் வெட்டுவதும் சிரமம். நேராக நாலு வெட்டு போட்டால் ஓரம் சரிந்த ஒரு சதுரம் கிடைக்கும். எழுத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத, கொழுத்த, கோணலான ஒரு புள்ளி. அதைத் திருத்தாதீர்கள். பெயரைவிட அதுதான் முதலில் கண்ணில் படும். வெப்சைட் தாவலில் வரும் குட்டி ஐகான் அதுவாகலாம். பட்டியலில் வரிக்கு முன்னால் நிற்கும் குறி அதுவாகலாம். பக்கம் லோடாகும்போது துடிக்கிற சின்னமும் அதுவாகலாம். மேசையில் உட்கார்ந்து மவுஸ் பிடித்து யோசித்திருந்தால் இப்படி ஒரு புள்ளி யாருக்கும் தோன்றியிருக்காது. உளி கேட்டது, நாம் கொடுத்தோம்.

மை உருட்டுவதற்குக் கண்ணைவிடக் காது உதவும். கண்ணாடிமேல் ரோலரை ஓட்டும்போது சன்னமாகச் 'சர்சர்' என்று கேட்டால் அளவு சரி. சளசளவென்று ஒட்டிக்கொண்டு ஓடினால் மை அதிகம், எழுத்தின் இடுக்குகள் அடைத்துக்கொள்ளும். காகிதத்தை மேலே வைத்து ஸ்பூனின் முதுகால் வட்டமாகத் தேயுங்கள். முதல் ஒன்றிரண்டு பிரதிகள் வெளிறித்தான் வரும். அதற்குப்பின் தகடு மையைப் பிடிக்கத் தொடங்கும். ஒன்றையும் தூக்கிப்போட வேண்டாம், வெளிறியது உட்பட எல்லாமே பின்னால் தேவைப்படும். வெட்டி எடுத்த பள்ளத்தில் உளி விட்டுப்போன மேடுகளிலும் கொஞ்சம் மை ஏறி, எழுத்தைச் சுற்றிச் சிறு கீற்றுகளாக விழுந்திருக்கும். அவற்றை வைத்துக்கொள்வதா, துடைத்துவிடுவதா என்பது ஸ்டூடியோ எடுக்கவேண்டிய முடிவு. எனக்கு அவை பிடிக்கும். ஆனால் வைத்துக்கொள்வதென்றால் எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி திரைக்கு. நல்ல பிரதிகளை 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். இங்கே பலர் சறுக்குவது, ஸ்கேனைத் தானாகவே வெக்டராக, அதாவது புள்ளிகளை இணைக்கும் கோடுகளால் ஆன படமாக, மாற்றும் ஆட்டோ டிரேஸில். மென்பொருள் ஒவ்வொரு மைத்துளியையும் சுற்றிக் கோடு போட்டு ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட வெக்டரைத் தரும். ஃபைல் கனத்துப்போய்ப் பக்கம் மெதுவாகும். கோடும் அசல் உளியின் கோடாக இருக்காது, ஜவ்வுபோல இழுபடும். இதைவிடச் சிறந்தது, அளவுக்கு ஒன்றாக மூன்று வடிவங்கள் வைத்துக்கொள்வது. போஸ்டருக்கும் முகப்புப் பக்கத்துக்கும் மைத் தழும்புகளோடு முழுப் பிரதி. நடுத்தர அளவுக்கு, ஸ்கேனைக் கீழே வைத்து அதன்மேல் கையால் குறைந்த புள்ளிகளில் வரைந்த வெக்டர். நேர் வெட்டு நேர் வெட்டாகவே தெரியவேண்டும். 16 பிக்சல் ஐகானுக்கு அந்தக் கோணல் புள்ளி மட்டும். அந்த அளவில் டெக்ஸ்சர் வெறும் அழுக்காகத்தான் தெரியும்.

நிறத்துக்கும் மை டியூப்பிலிருந்தே தொடங்கலாம். இரண்டு மை, ஒரு காகித நிறம் போதும். ஒரு மை காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்றை அடித்தால் மேல்விழுந்த இடத்தில் மூன்றாவது நிறம் இலவசமாகக் கிடைக்கிறது. வெப்சைட்டில் இதற்கு மல்டிப்ளை என்ற கலப்பு முறை இருக்கிறது, வெப்சைட்டின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் ஒரு வரியிலேயே வேலை முடிந்துவிடும். ஸ்கேனரில் விழுந்த நிறத்தை அப்படியே நம்ப வேண்டாம். பகல் வெளிச்சத்தில் பிரதியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணால் ஒப்பிட்டு நிறத்தின் எண்ணை முடிவு செய்யுங்கள். பிறகு கான்ட்ராஸ்ட் சோதனை, அதாவது எழுத்தின் வெளிச்சம் பின்னணியிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்ப்பது. படிக்க வேண்டிய சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 விகிதம் வேண்டும் என்கிறது, வெப்சைட்டுகளை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை. காகிதத்தில் கணீரென்று தெரியும் சிவப்பு, திரையில் வெள்ளைமேல் 4:1 அளவிலேயே நின்றுவிடும். ஆகவே சிவப்பு தலைப்புக்கும் படத்துக்கும், கறுப்பு வாசிக்கும் எழுத்துக்கு.

வெளிறிய பிரதிகளை எதற்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்? அசைவுக்கு. ஒரே தகட்டில் எடுத்த எந்த இரண்டு பிரதிகளும் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருக்காது. நாலைந்தை ஸ்கேன் செய்து மாற்றி மாற்றிக் காட்டினால் எழுத்து நின்ற இடத்திலேயே உயிரோடு அதிரும். வினாடிக்கு 12 படம் போதும். கையால் வரைந்த அனிமேஷன்களில் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திவைக்கிற அதே வேகம். இதைவிட வழவழப்பாக ஓடவிட்டால் கையின் தடம் போய்விடும். அசைவைக் குறைக்கும்படி தங்கள் போனில் செட் செய்திருப்பவர்களுக்கு மட்டும் இது நின்றுவிட வேண்டும்.

கை எங்கே இருக்கக்கூடாது என்பதிலும் கண்டிப்பாக இருங்கள். பட்டன், படிவம், மெனு, விலைப்பட்டியல் எல்லாம் நேராகவும் அமைதியாகவும் இருக்கட்டும். செதுக்கிய எழுத்தில் பத்தி பத்தியாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். பத்திகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், ப்ரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த காட்டமரான் போன்ற தெளிவான எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சுற்றிலும் ஒழுங்கு இருந்தால்தான் நடுவில் இருக்கும் கோணலுக்கு மதிப்பு. விசிட்டிங் கார்டை மட்டும் காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் அச்சு மெஷினில், எழுத்து மேடாக நிற்கும் பிளாக் எடுத்து, கொஞ்சம் தடித்த கைவினைக் காகிதத்தில் அடித்துப் பாருங்கள். மெஷின் வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், தேடித்தான் பிடிக்க வேண்டும். எழுத்து விரலில் தட்டுப்படும் அந்தப் பதிவு வேறெதிலும் வராது.

நீங்களே செய்யாமல் ஒரு கைவினைஞரின் மரபைக் கேட்டு வாங்குகிறீர்கள் என்றால் பொறுப்பு கூடுகிறது. ஆத்தங்குடிக் கல்லோ, மதுரைச் சுங்குடியோ, பத்தமடைப் பாயோ, அதைச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போட்டோ எடுத்து வந்து டிரேஸ் செய்வதை நான் திருட்டென்றே சொல்வேன். டிசைனர் ஹனீஃப் குரேஷி தொடங்கிய ஹேண்ட்பெயின்டட்டைப் முயற்சி இதில் நல்ல முன்மாதிரி. இந்தியா முழுக்கக் கடை போர்டு எழுதும் பெயின்டர்களைத் தேடிப்போய், அவர்களை எழுதச் சொல்லி, அந்த எழுத்துகளை டிஜிட்டல் எழுத்துருக்களாக்கினார். எழுதியவரின் பெயரையே, 'பெயின்டர் கஃபீல்' என்பதுபோல, எழுத்துருவுக்கு வைத்தார். விற்பனையில் எழுதியவருக்குப் பங்கும் இருந்தது. உங்கள் ஸ்டூடியோவும் கைவினைஞருக்கு டிசைனருக்குரிய சம்பளத்தைக் கொடுத்து, வெப்சைட்டில் பெயரைப் போட்டு, எங்கெல்லாம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, வழிகாட்டிக் கையேடு. வழக்கமான கையேட்டில் லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் விடவேண்டும், நிறத்தின் எண் என்ன என்றுதான் இருக்கும். கைவேலை அடையாளத்துக்கு இன்னொரு பகுதி கட்டாயம் வேண்டும்: இதை மறுபடி எப்படிச் செய்வது என்ற பகுதி. எந்த மை, எந்தக் காகிதம், உளியின் அகலம் எவ்வளவு, புள்ளிக்கு எத்தனை வெட்டு, ஸ்கேனர் செட்டிங் என்ன, பிரதி எப்படி வந்தால் ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் படத்தோடு இருக்கட்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர் முதல் வாரத்தில் ஃபைலைக் காப்பி செய்வதோடு நிறுத்தாமல், அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு 'ல்' தானே செதுக்கி அச்சடிக்கட்டும். அவருடைய புள்ளி உங்களுடையதைவிட வேறு பக்கம் சரிந்திருக்கும். அதையும் ஸ்கேன் செய்து, அசைவுக்கான பிரதிகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.